குலசிங்கத்தார் சம்பந்தி விசாரித்தது

பாரிசின் லா சப்பலில் யாராவது தங்கள் பிள்ளைக்குக் கலியாணம் பேசத் தொடங்கினால், சாதகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் குலசிங்கத்தின் சேலைக் கடைக்கு ஒரு நடை வந்துபோவார்கள். சேலை எடுக்க அல்ல, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. "அண்ணை, மாப்பிள்ளை பகுதி அளவெட்டியாம். தேப்பன் சங்கக்கடையிலை மனேச்சரா இருந்தவராம். என்ன ஆக்கள் எண்டு ஒருக்கால்..." என்று குரலைத் தாழ்த்தி இழுப்பார்கள். குலசிங்கம் கையிலிருந்த சேலையை மடித்துக்கொண்டே, ஊரில் எந்த ஒழுங்கையில் வீடு, கோயிலில் எத்தனையாம் திருவிழா அவர்களுடையது, தாய்வழியில் எங்கே பெண் கொடுத்தார்கள் என்று கேட்பார். சேலை மடிந்து முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் நாலு தலைமுறையும் கடை மேசைக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதற்கு அவர் ஒரு சதமும் வாங்குவதில்லை. பெருமைக்காகச் செய்தார். பெருமைக்கு ஆசைப்படாத மனிதர் என்று அவரைச் சொன்னால் கடையில் தொங்கும் கூறைச்சேலைகூடச் சிரித்துவிடும். ஆவணியில் பிள்ளையார் தேர் தெருவுக்கு வரும்போது வடத்தில் முன்னுக்கு நிற்பவர் அவர். எந்த மண்டபத்திலும் முதல் வரிசை நாற்காலி அவருக்கு. பொன்னாடை போர்த்த வருகிறார்கள் என்றால் தோளைக் கொஞ்சம் சரித்து வசதி செய்துகொடுப்பார். பாரிசுக்கு வந்த புதிதில் பல வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர்தான். அந்த வருடங்களை மட்டும் அவரிடம் யாரும் விசாரிக்க முடியாது.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். துக்க வீடென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்த பெண்கள் கடைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தால், நல்ல சேலையாக ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்து, அதை மனைவி ரதிதேவிக்குக்கூடச் சொல்லாமல் விட்டுவிடுவார். அவருக்கு ஒரே மகள், ஆரபி. பாரிஸ் புறநகரான டிரான்சியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை. மகள் ஒன்று கேட்டு இல்லை என்று சொன்ன நாள் அவர் வாழ்க்கையில் அதுவரை இருந்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு வசந்தத்தில், இன்னொரு புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இருந்த அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மகள் விஷயத்தைப் போட்டுடைத்தாள். பையன் பெயர் ஜஸ்கீரத் சிங். மருந்துக்கடைக்கு அடுத்த தெருவில் கினே, அதாவது சுளுக்கு, நாரிப்பிடிப்பு பார்க்கிறவன். சீக்கியன்.

ரதிதேவி கறிக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தார். ஆரபியும் பார்த்தாள். இடி விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள், விழவில்லை.

"தலைப்பா கட்டுறவனோ?" என்று கேட்டார் குலசிங்கம்.

"ஓம்."

"தாடி?"

"ஓம் அப்பா."

"பரவாயில்லை. ஒரு வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு வருவாய் எண்டு நான் எப்பவோ மனதைத் தேத்தி வைச்சிருந்தனான். தலைப்பாவோடை மணவறையிலை இருந்தா ராசா மாதிரித்தான் இருப்பான்."

ஆரபி எழுந்து வந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். குலசிங்கம் கொஞ்சம் மிதப்போடு சோற்றைப் பிசைந்தார். பிறகு, வழக்கமான குரலில், "ஆனா ஒருக்கால் விசாரிக்க வேணும்" என்றார். என்ன விசாரிக்க இருக்கிறது என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். சும்மா, ஒரு முறைக்கு என்று அவர் தமிழில் சொன்னார்.

விசாரிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. பையனுடைய அப்பாவின் பெயர் லக்பீர் சிங். லா சப்பலில் தொலைபேசி அட்டை விற்கும் பஞ்சாபிக்காரரிடம் போய் அவரைத் தெரியுமா என்று கேட்டால், எந்த லக்பீர் சிங் என்று திருப்பிக் கேட்டார். ஆண்கள் எல்லாரும் சிங், பெண்கள் எல்லாரும் கவுர். பெயரைக் கேட்டு இவர் இன்ன வீட்டு ஆள் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகவே எங்கள் குரு அப்படி வைத்தார் என்று அவர் விளக்கமும் கொடுத்தார். குலசிங்கத்துக்கு அது ஒரு சதியாகப் பட்டது. ஒரு முழுச் சனமும் சேர்ந்து தன் திறமைக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. ஒழுங்கையும் இல்லை, திருவிழாவும் இல்லை, எதைப் பிடித்து ஏறுவது?

காய்கறி வியாபாரி வாமதேவன்தான் வழி சொன்னார். குலசிங்கத்தைவிட இளையவர், எதற்கும் சிரிக்கிறவர். பொபினிப் பக்கத்தில் இருக்கும் குருத்வாராவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோலிபிளவரும் கொத்தமல்லியும் கொண்டுபோய் இறக்குகிறவர்.

"அந்தக் குடும்பம் அங்கைதானே வருமாம். ஒரு ஞாயிறு என்னோடை வானிலை வாங்கோ அண்ணை. நல்ல சாப்பாடும் கிடைக்கும்."

"நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"உங்களை அங்கை ஆருக்குத் தெரியும்?" என்றார் வாமதேவன். அது குலசிங்கத்துக்குக் கொஞ்சம் உறைத்தது.

கோயிலுக்குப் போகும்போது பழைய சப்பாத்துப் போடுவது அவர் வழக்கம். நல்லதைப் போட்டுக்கொண்டு போனால் திரும்பி வரும்போது வாசலில் அது இருக்குமா என்பது பிள்ளையாருக்குத்தான் தெரியும். அன்றைக்கு மட்டும் புதுத் தோல் சப்பாத்தும் கோட்டும் போட்டார். ஆளை எடைபோடப் போகிறவர் தானும் எடைக்கு நிற்க வேண்டும் அல்லவா.

வாமதேவன் வானைப் பின்பக்கச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோனார். குலசிங்கம் முன்வாசலால் தனியாக நுழைந்தார். தலையை மூடிக்கொள்வதற்காக ஒரு கூடையில் மஞ்சள் துணிகள் கிடந்தன, ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். பக்கத்திலேயே சப்பாத்து வைக்கும் அறை. மேசைக்கு உள்பக்கம் நின்ற நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவருடைய சப்பாத்தை இரண்டு கையாலும் வாங்கி, இலக்கம் போட்ட வில்லை ஒன்றைக் கொடுத்தார். ஒழுங்கான ஏற்பாடுதான், நம்முடைய கோயிலிலும் செய்யலாம் என்று குலசிங்கம் நினைத்தார். தாடிக்காரரின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மேலே பெரிய மண்டபம். தரை முழுவதும் வெள்ளை விரிப்பு. முன்னால் விதானத்தின் கீழே, மெத்தைகளின் மேல் பட்டுத்துணி சுற்றிக் குரு கிரந்த சாகிப் திறந்திருந்தது. பின்னால் ஒருவர் வெண்சாமரம் வீசிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டு, கிடைத்த இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். குலசிங்கமும் கும்பிட்டார். கும்பிட்டு எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, யாராவது வந்து முன்னுக்குக் கூட்டிப்போவார்களா என்று சற்று நின்றார். ஒருவரும் வரவில்லை. நாற்காலி என்று ஒன்று மண்டபத்திலேயே இல்லை. முன் இடத்தில் சின்னப் பிள்ளைகளும், காற்சட்டையில் சாந்து ஒட்டிய ஒரு தொழிலாளியும் இருந்தார்கள். அவர் ஒரு தூணோரமாகப் போய் அமர்ந்தார். முழங்கால் வலிக்கிறதென்று காலை நீட்டியபோது பக்கத்திலிருந்த கிழவர் மெல்ல அவர் முழங்காலைத் தொட்டார்.

"குருவின் பக்கம் கால் நீட்டக் கூடாது" என்றார் உடைந்த பிரெஞ்சில்.

குலசிங்கம் காலை மடக்கிக்கொண்டு, "புத்தகத்தையா சொல்கிறீர்கள்?" என்று தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டார்.

கிழவர் பொறுமையாகச் சொன்னார். பத்து மனிதக் குருமார் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஆள் குரு இல்லை, இதுதான் குரு. விடியும்போது விரித்து வைப்பார்கள், இரவானால் தலைமேல் சுமந்துகொண்டுபோய்த் தனி அறையில் கட்டிலில் வைப்பார்கள். அவர் இருக்கிற மண்டபத்தில் அவரைவிட உயரத்தில் யாரும் உட்கார்வதில்லை. உங்களுக்கு முழங்கால் வலித்தால் தூணில் சாய்ந்துகொள்ளுங்கள்.

இது குலசிங்கத்துக்குப் பிடித்திருந்தது. அரசனுக்குச் செய்கிற மரியாதையை எழுத்துக்குச் செய்கிறார்கள். பாட்டும் நன்றாக இருந்தது. குவித்த கைகளில் நெய் வடியச் சூடான பிரசாதம் விழுந்தபோது, இவர்கள் நல்ல சனம்தான் என்று முடிவுகட்டினார். கீழே சாப்பாட்டுக்கு வரிசையில் தரையில் இருந்தார்கள். அதே கிழவர் பக்கத்தில். இலங்கை என்றதும் கிழவருக்கு முகம் மலர்ந்தது.

"எங்கள் முதல் குரு உங்கள் தீவுக்கும் நடந்து போனவர் என்று சொல்வார்கள்."

"எந்த ஊர்? யார் வீட்டில் தங்கினார்?" என்று குலசிங்கம் உடனே கேட்டார். கிழவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். இவர் பகிடி விடவில்லை.

பாயசம் வந்தபோது, போகிற போக்கில் கேட்பதுபோல், லக்பீர் சிங் என்று ஒருவர் இங்கே வருவாராமே என்றார்.

"லக்பீரா? வாசலில் உங்கள் சப்பாத்தை வாங்கினானே, அவன்தான்."

குலசிங்கம் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அந்த நரைத்த தாடிக்காரர் ஒரு சின்ன முக்காலியில் இருந்து, துணியொன்றால் யாருடைய சப்பாத்தையோ துடைத்துக்கொண்டிருந்தார். வில்லையைக் கொடுத்துத் தன்னுடையதை வாங்கினார். அதுவும் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. தரையைப் பார்த்தபடி நன்றி சொல்லிவிட்டு, கட்டவேண்டிய நாடாவைக் கட்டாமலே வெளியே வந்தார். வானில் வாமதேவன் என்ன கேட்டாலும் தலையிடி என்றார்.

இரவு சமையலறையில் ரதிதேவியிடம் மட்டும் சொன்னார். "சப்பாத்துத் துடைக்கிற ஆக்கள். நான் என்ரை கண்ணாலை பாத்திட்டன். இஞ்சை எத்தினை பேருக்கு நான் பகுதி பாத்துக் குடுத்திருக்கிறன். என்ரை வீட்டிலை இப்பிடியெண்டா நாளைக்குத் தெருவிலை எப்பிடி நடக்கிறது?" ஆரபியிடம் காரணம் சொல்லவில்லை. சரிவராது, அவ்வளவுதான் என்றார். அவள் அழுதாள், கதவைச் சாத்தினாள். வீட்டில் கறி உப்பில்லாமல் வந்தது, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ரதிதேவிக்கு இதை அதிக நாள் வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை. கடைக்குக் கறிவேப்பிலை கொண்டுவந்த வாமதேவனிடம், புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டார். வாமதேவன் சேலைக் கட்டின்மேல் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

"அண்ணை, அந்தாள் சொந்தமாப் பெயின்ற் கொம்பனி வைச்சிருக்கிறார். அவருக்குக் கீழை கொஞ்சப் பேர் வேலை செய்யினம். சப்பாத்து அவற்றை தொழில் இல்லை, சேவை. அந்த அறையிலை நிக்கிறதுக்கு ஆக்கள் முறைவைச்சுக் காத்திருக்கினம். ஒரு டொக்டரும் வந்து நிக்கிறவர், நான் கண்டிருக்கிறன்."

குலசிங்கத்தின் மேல் கிடந்த மூட்டை தொப்பென்று இறங்கியது. உள்ளே போய் முகம் கழுவினார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கி, ரயில் முழுக்க நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார். இருக்க இடம் இருந்தது. இருக்கத்தான் பொறுமை இல்லை.

"பிள்ளை, எல்லாம் சரி" என்று கதவைத் திறந்ததுமே சொன்னார். "நான்தான் பிழையா விளங்கிப்போட்டன். அவர் கொம்பனி வைச்சிருக்கிறாராம். சப்பாத்து சும்மா சேவைக்காம்."

எந்தச் சப்பாத்து என்று ஆரபி கேட்டாள். சந்தோஷத்தில் அவர் ஒன்றும் மறைக்காமல் முழுவதையும் சொன்னார். குருத்வாராவுக்குப் போனது, பாயசம், முக்காலி, தலையிடி எல்லாவற்றையும். கதை சொல்லச் சொல்ல மகளின் முகம் மாறிக்கொண்டு வருவதை அவர் கவனிக்கவில்லை. லட்டுப் பெட்டியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.

ஆரபிக்குச் சாதாரணக் கோபம் என்றால் பிரெஞ்சில் வரும். அளவு மீறினால்தான் தமிழில் வரும்.

"அப்ப, அவர் உண்மையாவே சப்பாத்துத் துடைக்கிற வேலை செய்யிற ஆளா இருந்தா?"

"அதுதான் இல்லையே பிள்ளை."

"இருந்தா?"

குலசிங்கம் லட்டுப் பெட்டியைத் திரும்ப மூடினார்.

"நீங்கள் முதல் வேண்டாம் எண்டு சொன்னதுகூட எனக்கு இவ்வளவு நோகேல்லை அப்பா. இப்ப சந்தோஷமா லட்டோடை வந்து நிக்கிறியள் பாருங்கோ, அதுதான் நோகுது." உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் கேட்டதுக்கு மறுமொழி இருந்தா எனக்குச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் இந்த வீட்டை வரமாட்டன். நீங்களும் என்ரை கலியாணத்துக்கு வரவேண்டாம்."

பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் மரி-லூயிஸ் என்ற சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டாள். தாயோடு தினமும் தொலைபேசியில் பேசினாள். தகப்பன் எடுத்தால் அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

அந்தக் கோடையில் குலசிங்கம் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். கேள்வி சின்னது. "இருந்தாலும் பரவாயில்லை" என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். வியாபாரி, பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. கலப்புப் பட்டைச் சுத்தப் பட்டு என்று முகம் மாறாமல் விற்றிருக்கிறார். இதை மட்டும் சொல்லும்போது குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது. அடியார் காலடித் தூசியை நெற்றியில் பூசுவதைப் பற்றிக் கோயிலில் பண்ணோடு பாடுகிறவர்தான். பாட்டில் பூசியதோடு சரி. தேர் அன்று வடத்தில் முன்னுக்கு நின்றார், கண் முழுக்கக் கூட்டத்தில் மகளைத் தேடியது. அவள் வரவில்லை. கலியாணத்தை அடுத்த வசந்தத்தில் மேரியில், அதாவது நகரசபையில், பதிந்து, பிறகு குருத்வாராவில் வைப்பதாகத் தீர்மானமாகிவிட்டது என்ற செய்தி ரதிதேவி வழியாக வந்து சேர்ந்தது. ஆரபி தன் பெயரோடு கவுர் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். அழைப்பில் தகப்பன் பெயர் போடுவதா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டதற்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னாளாம். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளைக் கழித்தார்.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, ஐந்தாம் இலக்க மெத்ரோ ரயிலைப் பிடித்துத் தனியாகப் பொபினிக்குப் போனார். லக்பீர் சிங்கிடம் மன்னிப்புக் கேட்டு, மகளிடம் தனக்காக ஒரு சொல் பேசச் சொல்வதுதான் திட்டம். அவர் சப்பாத்து அறையில்தான் நின்றார். ஆரபி காட்டிய படத்தில் பார்த்திருந்த குலசிங்கத்தைக் கண்டதும் கைகுவித்து, "ஆரபியின் அப்பா" என்றார். வரிசை நீளமாக இருந்தது. என்னால் இப்போது வெளியே வர முடியாது, நீங்கள் உள்ளே வாருங்கள், பேசலாம் என்று பிரெஞ்சில் சொல்லி மேசைப் பலகையைத் தூக்கி வழிவிட்டார்.

உள்ளே நின்று பேசத் தொடங்கினால், நின்ற இடம் சரியில்லை. வருகிறவர்கள் இவரிடம் சப்பாத்தை நீட்டினார்கள். முதலில் ஒரு வயதான அம்மா, குதி தேய்ந்த ஒரு சோடிச் செருப்பை நீட்டினார். குலசிங்கத்தின் கை பின்னுக்குப் போனது. அம்மா சிரித்தபடி இன்னும் கொஞ்சம் நீட்டினார். வேறு வழியில்லாமல் இரண்டு விரலால் வாங்கினார். இன்னும் சூடாக இருந்தது, அப்போதுதான் கழற்றிய காலின் சூடு. அது அவருக்கு அருவருப்பாக இருந்தது, ஒளிப்பானேன். அதைத் தட்டில் வைப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

கை வேலையாக இருந்ததால் வாய்க்குச் சொல்வது சுகமாக இருந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல், எல்லாவற்றையும் லக்பீர் சிங்கிடம் சொல்லி முடித்தார். தான் பார்த்ததை, நினைத்ததை, லட்டோடு வீட்டுக்கு ஓடியதை.

"தெரியும், ஜஸ்கீரத் சொன்னான்" என்றார் லக்பீர் சிங். "என் அண்ணனும் உங்களை விசாரிக்கச் சொன்னான். பெண் வீட்டார் என்ன சாதி என்று கேட்டான்."

குலசிங்கம் நிமிர்ந்தார். "உங்களில் அது இல்லை என்றார்களே."

"குரு வேண்டாம் என்றார். நாங்கள் பெயரிலிருந்து எடுத்துவிட்டு வாயில் வைத்திருக்கிறோம்." ஒரு சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதனால்தான் நான் இங்கே வருகிறேன். மேலே இருந்து கேட்டால் எனக்கு எல்லாம் நன்றாக விளங்குகிறது. வெளியே போனதும் மறந்துவிடுகிறது. இங்கே நின்றால் கொஞ்ச நாளைக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்கும்போது திரும்ப வருகிறேன்."

"உங்கள் அண்ணனுக்கு என்ன சொன்னீர்கள்?"

"சேலைக் கடைச் சாதி என்றேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகளிடம் பேசச் சொல்லிக் கேட்க வந்ததைக் குலசிங்கம் அன்று கேட்கவில்லை. நான் அடுத்த ஞாயிறும் வரலாமா, ஆரபிக்குச் சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டார்.

அப்படியே போய்வரத் தொடங்கினார். காலையிலேயே போய், மாப்பிள்ளை வீட்டாரோடு ஆரபி குருத்வாராவுக்கு வழக்கமாக வருகிற மத்தியானத்துக்கு முன்னால் கடைக்குத் திரும்பிவிடுவார். ரதிதேவி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், துணிக்காரனைப் பார்க்க என்பார். அந்த அருவருப்பு எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. வேலையில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். வில்லையைப் பார்க்காமலே முகத்தைப் பார்த்து உரிய சோடியை எடுத்துக் கொடுப்பார். பழைய விசாரிக்கும் புத்தி சும்மா இருக்குமா, சப்பாத்துகளையும் விசாரித்தது. இது சுவருக்குச் சாந்து பூசுகிறவனுடையது, இது எண்ணெய்ச் சமையலறையில் நிற்கிறவனுடையது, இந்தப் பெண் இடது காலை ஊன்றப் பயப்படுகிறாள். வேறு ஒன்றும் அவற்றில் எழுதியிருக்கவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிய நாட்களையும் ஒருநாள் தன்பாட்டில் லக்பீர் சிங்குக்குச் சொன்னார். சொல்லும்போது ஒரு கூச்சமும் வரவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஞாயிறு வருகிறதென்றால் சனிக்கிழமையே மனதுக்குள் ஒரு சந்தோஷம் பிடித்துவிடும்.

கார்த்திகையில் குரு நானக் பிறந்த நாள் வந்தது. வாசலில் சனம் நெரிந்தது. விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் குலசிங்கம் மத்தியானமும் நின்றுவிட்டார். மஞ்சள் துணி நெற்றிக்கு இறங்கியிருந்தது, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். குனிந்து வாங்கி, குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது.

"ஆர், குலசிங்கமோ?"

தவரத்தினம். கோயில் நிர்வாக சபைக்காரர், முதல் வரிசையில் எப்போதும் பக்கத்து நாற்காலியில் இருப்பவர். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் சாப்பாட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்.

"என்ன இது, கடை பிழைச்சுப்போச்சோ? இஞ்சை சப்பாத்து வாங்கிற வேலைக்கு வந்திட்டீரோ?"

சும்மா சேவைக்கு என்று சொன்னால் முடிந்தது. தவரத்தினம் மெச்சியும் இருப்பார், அடுத்த விழாவில் மேடையில் சொல்லியும் இருப்பார். அந்தச் சொல் குலசிங்கத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லித்தானே அன்றைக்கு லட்டோடு ஓடினோம் என்று அவருக்கு அப்போது உறைத்தது. சொல்லை விழுங்கினார்.

"ஓம் அண்ணை, இதுதான் வேலை" என்றார். "சப்பாத்தைத் தாங்கோ. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

தவரத்தினம் ஒரு கணம் விழித்துவிட்டு, கழற்றி நீட்டினார். குலசிங்கம் இரண்டு கையாலும் வாங்கி வில்லையைக் கொடுத்தார். நாளைக்கு விடியும் முன்னரே லா சப்பல் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். உண்மையிலேயே தெரியட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது, அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

அடுத்த ஆளின் சப்பாத்துக்காகக் கையை நீட்டினார். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

ஆரபி நின்றாள். தலையில் முக்காடு, பக்கத்தில் ஜஸ்கீரத்தின் தாய். கழற்றிய சப்பாத்து இரண்டையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். தவரத்தினம் கேட்டதும் தகப்பன் சொன்னதும் அவளுக்குக் கேட்டுவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தா பிள்ளை" என்றார் குலசிங்கம்.

அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். "இல்லையப்பா. நானே உள்ளை வைக்கிறன்."

"எல்லாற்றையையும் வாங்கிறன். உன்ரையை விடச் சொல்லுறியோ?"

"நீங்கள் என்ரை அப்பா" என்றாள். அவ்வளவு பெரிய கேள்வி கேட்டுவிட்டுப் போனவளுக்கு, தன் கால் சப்பாத்தைத் தகப்பன் கையில் கொடுக்க முடியவில்லை. கை வரமாட்டேன் என்றது.

"ஓம், அப்பாதான். சின்னனிலை மத்தர்னெல் பள்ளிக்கூடத்துக்குப் போகேக்கை காலமை காலமை முழங்காலிலை இருந்து இந்தக் காலுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டது ஆர்? தா."

ஆரபி மெல்ல முன்னால் வந்தாள். பிரசாதம் வாங்குகிறவளைப்போல இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். மழையில் நனைந்த சப்பாத்து. குலசிங்கம் அதை வாங்கி, துணியால் துடைத்து, மேல்தட்டில் வைத்துவிட்டு வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பின்னேரம் வீட்டை வாறன் அப்பா" என்றாள் ஆரபி. "அம்மாட்டைச் சொல்லிவிடுங்கோ."

குலசிங்கம் தலையை ஆட்டினார். அடுத்த ஆள் சப்பாத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.